பழைய மரவேலை மெஷினை ஆன்லைனில் வாங்கும்போது விலை நியாயமா என்று பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "இந்த விலை சரிதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்." கூடவே நாலு மங்கலான படம் இருக்கும். தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, பாதி நேரம் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்று தெரிந்தபிறகு, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எந்த நாணயத்திலும் சொல்லவில்லை. புதிய மெஷினின் விலை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதில் எவ்வளவு என்று சொல்கிறேன். அந்த எண்கள் என் அனுபவக் கணக்கு, சட்டம் இல்லை.

ஒரே மெஷினுக்குப் பத்துப் பேர் பத்து விலை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

எதையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் நீங்கள் பார்ப்பது கேட்கும் விலை. உங்களுக்கு வேண்டியது விற்ற விலை. இபே மாதிரித் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்ல முடியும், அதை முதலில் பாருங்கள். அந்த வசதி இல்லாத இடங்களில் பொறுமைதான் வழி: மூன்று நான்கு வாரம் அதே வகை மெஷின் விளம்பரங்களைச் சேமித்து வைத்து, எது எந்த விலையில் எத்தனை நாளில் காணாமல் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு நாளில் போனது விலை குறைவாகப் போட்டது. இரண்டு மாதமாக அப்படியே நிற்பது யாரும் கொடுக்காத விலை. சந்தை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அதே மாடலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேண்ட் சா மெஷின் (இரண்டு சக்கரத்தில் ஓடும் பட்டை பிளேடால் அறுப்பது) என்றால் சக்கரத்தின் அளவு, ஜாயிண்டர் (மரத்தின் முகத்தைச் சமமாக இழைப்பது) என்றால் கத்தியின் அகலம், டேபிள் சா மெஷின் (மேசைக்கு மேல் நீட்டும் வட்ட பிளேடால் அறுப்பது) என்றால் பிளேடின் விட்டமும் மோட்டாரும், இவை ஒத்துப் போனால் ஒப்பிடலாம்.

பழசு என்றால் பாதி விலைதானே? இந்தக் கணக்கு சரியா?

தொடங்குவதற்குச் சரி, அதிலேயே நின்றுவிடக் கூடாது. முதலில் எதில் பாதி என்று பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட விலையிலா, தள்ளுபடி போக இன்று கடையில் கொடுக்கும் விலையிலா? இரண்டாவதுதான் 100. அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றால் அதே அளவு, அதே கனம் உள்ள இன்றைய மெஷினின் விலையை 100 ஆக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது, பில் இருக்கிறது, உத்தரவாதமும் உங்கள் பெயருக்கு மாறும் என்றால் 70 வரை கொடுக்கலாம். வார்ப்பிரும்பு மேசையும் இண்டக்ஷன் மோட்டாரும் (கார்பன் பிரஷ் இல்லாத, கனமான, சத்தம் குறைந்த வகை) உள்ள, நன்றாக ஓடுகிற, எல்லாப் பாகமும் கூடவே இருக்கிற மெஷின் 50 முதல் 60. நன்றாக ஓடினாலும் பழைய வடிவமைப்பு, சில்லறைக் குறைகள் உண்டு என்றால் 30 முதல் 45. மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் சிறிய, கீச்சென்று கத்தும் மோட்டார் உள்ள மெஷின்களுக்கு 40-ஐத் தாண்ட மாட்டேன், அவை சீக்கிரம் தேய்பவை. ஓடவே இல்லை என்றால் அதைக் கழற்றி விற்கக்கூடிய பாகங்களின் மதிப்பும் இரும்பின் எடையும்தான் விலை. "சின்னக் கோளாறுதான், பார்த்தால் ஓடிடும்" என்று விற்பவர் சொன்னால், அந்தச் சின்னக் கோளாறை அவரே ஏன் பார்க்கவில்லை என்று கேளுங்கள். சில சமயம் உண்மையான காரணம் இருக்கும், பெரும்பாலும் இருக்காது.

"நான் வாங்கினது இவ்வளவு, அதில் பாதிதான் கேட்கிறேன்" என்கிறார். நியாயம்தானே?

அவர் கொடுத்த விலை அவருடைய கதை. அவர் அதிகம் கொடுத்து ஏமாந்திருந்தால் அந்த இழப்பில் உங்களுக்குப் பங்கில்லை. இருபது வருஷத்துக்கு முன் மலிவாக வாங்கியிருந்தால் அவரும் அந்தப் பழைய விலையில் பாதிக்கு உங்களுக்குத் தர வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்கும் இன்றைய விலைதான் அளவுகோல்.

முப்பது வருஷம் பழசு. வயசுக்கு எவ்வளவு கழிக்கணும்?

வயதுக்கு என்று தனியாக நான் எதுவும் கழிப்பதில்லை. வார்ப்பிரும்பு முப்பது வருஷத்தில் கெடுவதில்லை. புதிதாக வார்த்த இரும்பு உள்அழுத்தம் தளரும்போது லேசாக வளைவதும் உண்டு, பழைய வார்ப்பு அந்த அசைவையெல்லாம் முடித்துவிட்டு நிற்கும். வயதாவது மற்றவை: பெல்ட், பேண்ட் சா சக்கரத்தின் மேலுள்ள ரப்பர் டயர், மின்கம்பியின் உறை, பிளாஸ்டிக் கைப்பிடிகள், மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. இதில் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எளிதில் மாற்றக்கூடியவை.

கேட்க வேண்டிய கேள்வி உதிரிபாகம் கிடைக்குமா என்பதுதான். பேரிங் எல்லாம் 6203, 6205 என்று உலகம் முழுக்க ஒரே எண்ணில் கிடைக்கும், கவலையில்லை. மெஷினுக்கென்றே வார்த்த பாகங்கள்தான் பிரச்சினை. டெல்டா என்ற அமெரிக்க மெஷின் பிராண்டுப் பெயர் 2011-இல் மறுபடியும் கை மாறிய பிறகு அதன் பழைய மாடல்களுக்குச் சில பாகங்கள் கிடைக்காமல் ஆட்கள் அலைந்தார்கள். பெயர் பெரியது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், பாகம் இன்றும் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மிகப் பழையவற்றில் இரண்டு விஷயத்தைத் தனியாகக் கவனியுங்கள். உருளை பேரிங்குக்குப் பதில் பேபிட் என்ற மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங் இருந்தால் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கலாம். ஜாயிண்டரில் கத்தி பூட்டும் தலை வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால், எவ்வளவு அழகான மெஷினாக இருந்தாலும் வேலைக்கு வாங்காதீர்கள். சதுரத் தலையில் விரலை உள்ளே இழுக்கும் அளவுக்கு இடைவெளி உண்டு, அதனால்தான் அந்த வடிவமே கைவிடப்பட்டது.

மேசை முழுக்கத் துரு. படத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள், பல சமயம் நல்ல பேரமே அங்குதான் கிடைக்கிறது. மேலாகப் படிந்த செந்துரு எண்ணெயும் உரசும் பட்டையும் வைத்து அரைநாள் தேய்த்தால் போய்விடும், பிறகு மெழுகு பூசினால் மரம் வழுக்கிக்கொண்டு போகும். படத்தில் பயமாகத் தெரிவதால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள், விலையும் இறங்கியிருக்கும்.

குழி விழுந்த துரு வேறு. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுகிறது என்றால் மழையில் கிடந்த மெஷின். சில குழிகள் இருந்தாலும் மரம் தட்டையாகத்தான் நகரும், வேலை கெடாது. ஆனால் மேசையே அப்படி என்றால் மோட்டாருக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்று எண்ணி, அவற்றுக்கும் சேர்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன குறைக்கு எவ்வளவு குறைக்கலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

குறைகளை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். பெல்ட், பேரிங், கெப்பாசிட்டர் (மோட்டார் ஓடத் தொடங்க உதவும் சிறு பாகம்), ஸ்விட்ச், மழுங்கிய பிளேடு எல்லாம் மலிவு. இவற்றைக் காட்டி விலை குறைக்கலாம், இவற்றுக்குப் பயந்து விலக வேண்டாம். மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டுவது, வளைந்த ஆர்பர் (பிளேடு மாட்டும் தண்டு), காணாமல்போன ஃபென்ஸ் (மரத்தை ஒட்டி வைத்துத் தள்ளும் நேரான தடுப்பு), இவை விலையுயர்ந்தவை. நல்ல ஃபென்ஸைத் தனியாக வாங்கப் போனால் அதுவே பழைய டேபிள் சா மெஷினின் விலைக்கு வந்து நிற்கும். மூன்றாவது வகை வார்ப்பில் விரிசல். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது எல்லாருக்கும் கைவராது, சூடு ஏறி இறங்கும்போது பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். சுமை தாங்கும் இடத்தில் விரிசல் என்றால் விலை பேசாமல் திரும்பிவிடுவேன்.

கணக்கு இப்படி. அதே வகை, நன்றாக ஓடும் பழைய மெஷின் 55-க்குப் போகிறது என்று உங்கள் தாள் சொல்கிறது. நீங்கள் பார்ப்பதில் பேரிங்குக்கு 3, பெல்ட்டுக்கு 1, பிளேடு விலகாமல் பிடிக்கும் வழிகாட்டிக் கட்டைகளுக்கு 2, ஆக 6 செலவு தெரிகிறது. தெரிந்த செலவில் பாதியைத் தெரியாததற்கு என்று சேர்ப்பேன், 3. மொத்தம் 9, எனவே 46. அதற்கு மேல் கொடுத்தால் நீங்கள் காசும் கொடுத்து வேலையும் செய்கிறீர்கள். கழற்றி மாட்ட உங்களுக்கு நேரமில்லை, ஆள் வைக்க வேண்டும் என்றால் அந்தக் கூலியையும் சேர்த்துக் கழியுங்கள். நியாய விலை என்று நான் சொல்வது இதைத்தான்: உங்கள் பட்டறையில் வந்து நின்று, மரம் அறுக்கத் தொடங்கும் வரை ஆகும் மொத்தச் செலவு, அதே வேலையைச் செய்யும் இன்னொரு மெஷினைவிட அதிகமாகக் கூடாது.

விளம்பரத்தில் 5 ஹெச்.பி. என்று இருக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி. நம்பலாமா?

மோட்டார் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஆம்பியரைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் எடுப்பதே 2,300 வாட்தான். துளி வீணாகாமல் எல்லாம் சுழற்சியாக மாறினாலும் 3 ஹெச்.பி., நிஜத்தில் இரண்டு, இரண்டரை. அதில் 5 என்று எழுதியிருந்தால் அது ஒரு நொடி திணறும்போது எட்டும் உச்சம், நாள் முழுக்கத் தருவது இல்லை. விலையை ஆம்பியருக்குக் கொடுங்கள், ஸ்டிக்கருக்கு வேண்டாம்.

அப்படியே தகட்டில் ஹெர்ட்ஸையும் (மின்சாரத்தின் அதிர்வெண்) பார்த்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்ஷன் மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், சூடும் ஏறும். வேறு நாட்டிலிருந்து வந்த மெஷினில் மோட்டார் மாற்றும் செலவு வரலாம், அதையும் முந்தைய பதிலில் சொன்ன கணக்கில் போடுங்கள்.

த்ரீ ஃபேஸ் மெஷின் சிங்கிள் ஃபேஸ் மெஷினைவிட ரொம்ப மலிவாக வருகிறது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மாட்டிக்கொள்வேனா?

கணக்குப் போட்டு வாங்கினால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும் கனமான மெஷின்கள் மலிவாகக் கிடைக்கக் காரணமே வீட்டுப் பட்டறைக்காரர்கள் த்ரீ ஃபேஸ் என்றதும் விலகிவிடுவதுதான். வி.எஃப்.டி. என்ற கருவி சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும், கூடவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் மெதுவாக நிறுத்தவும் முடியும். 2.2 கிலோவாட், அதாவது 3 ஹெச்.பி. வரை இது சாதாரணமாகக் கிடைக்கிறது, அதற்கு மேல் விலை ஏறும்.

மோட்டார் தகட்டில் 230/400 அல்லது 220/380 என்று இருந்தால் டெல்டா இணைப்புக்கு (மோட்டாருக்குள் கம்பிகளை இணைக்கும் ஒரு முறை, மேலே சொன்ன பிராண்ட் இல்லை) மாற்றி 230 வோல்ட் வி.எஃப்.டி.யில் ஓட்டலாம். 400/690 என்றோ 415 மட்டும் என்றோ இருந்தால் அது அவ்வளவு சுலபமில்லை, மோட்டாரையே மாற்ற நேரும், அந்த விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். இன்னொன்று, வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் மெஷினின் பழைய ஸ்விட்ச் இருக்கக் கூடாது, நேரடியாக இணைக்க வேண்டும். ஒரே மெஷினில் மூன்று நான்கு மோட்டார் இருந்தால் செலவும் சிக்கலும் பெருகும், முதல் மெஷினாக அதை வாங்க வேண்டாம். இணைப்பு வேலையை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. படத்தை மட்டும் வைத்து எப்படி முடிவு செய்வது?

படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கேட்டு வாங்குங்கள். தகடு, மேசையைக் குறுக்காகப் பக்கவாட்டில் இருந்து எடுத்த படம், அடிப்பக்கம், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள், ஃபென்ஸின் இரண்டு முனை. அப்புறம் ஒரு வீடியோ: ஆறிக் கிடக்கும் மெஷினை ஓடவிட்டு, முழு வேகம் வந்ததும் நிறுத்தி, அது தானாக நிற்கும் வரை, வெட்டாமல் ஒரே ஓட்டமாக. ஒலி முக்கியம், பின்னணியில் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓடத் தொடங்கும்போது முனகிவிட்டு நின்றால் கெப்பாசிட்டராக இருக்கலாம், மலிவு. நிறுத்திய பிறகு சுழற்சி அடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் பேரிங் பேசும். மோட்டாரின் இரைச்சல் இல்லாததால் கரகரப்பு தெளிவாகக் கேட்கும். இதையெல்லாம் அனுப்ப மறுக்கும் விற்பவரிடம் குறை இருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், வயதானவராக இருக்கலாம், வீடியோ அனுப்பத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பார்க்காத மெஷினுக்கு ஓடாத மெஷினின் விலைதான் கொடுப்பேன்.

நேரில் போகிறேன். கையில் என்ன எடுத்துப் போகணும், என்ன பார்க்கணும்?

ஒரு நல்ல இரும்பு மட்டக்கோல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மூலைமட்டம், டார்ச், அறுத்துப் பார்க்க ஒரு மரத்துண்டு. போவதற்கு முன்பே "நான் வரும்வரை ஓட்ட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், போனதும் முதலில் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறிய நிலையில் ஏதோ தொல்லை இருந்து முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம்.

மேசைமேல் மட்டக்கோலை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து அடியில் கேஜ் நுழைகிறதா பாருங்கள். டேபிள் சா மெஷினில் 0.2 மில்லிமீட்டர் வரை பள்ளம் இருந்தால் எனக்குக் கவலையில்லை. பிறகு மெஷினை ஓடவிட்டு மேசையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிற்க வையுங்கள். நின்றால் பெல்ட்டும் கப்பியும் பேரிங்கும் ஒழுங்காக இருக்கின்றன. விழுந்தால் பயப்பட வேண்டாம், நெடுநாள் சும்மா கிடந்த ரப்பர் பெல்ட் கப்பியின் வடிவத்தில் இறுகிப்போய்க் குலுங்கும், பெல்ட் மாற்றினால் தீரும். ஆனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டியும் குலுங்கினால் அது மோட்டார்.

புதிதாக அடித்த பெயிண்டைச் சந்தேகப்படுங்கள். நான் வாங்கிய இரண்டாவது ஜாயிண்டர் பளபளவென்று இருந்தது, வீட்டுக்கு வந்து பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் புட்டி வைத்து நிரப்பிய விரிசல். அந்தப் பணம் போனது போனதுதான். அதிலிருந்து வார்ப்பின் மூலைகளை டார்ச் அடித்து, விரலால் தட்டி ஓசை கேட்காமல் காசை வெளியே எடுப்பதில்லை.

எல்லா மெஷினுக்கும் இதே சோதனைதானா?

பொதுச் சோதனை இதே, ஆனால் ஒவ்வொன்றுக்கும் உயிர்நிலை வேறு. ஜாயிண்டருக்கு இரண்டு மேசையும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் உயிர். மட்டக்கோலை இரண்டின் மேலும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு மேசை முனையில் தொங்கினால், அது ஏறி இறங்கும் சரிவில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும், பழகாதவருக்கு ஒரு முழுநாள் வேலை. திக்னெஸ் பிளானரில் (மரத்தை ஒரே கனத்துக்கு இழைப்பது) மரத்தை இழுக்கும் உருளைகளைப் பாருங்கள், ரப்பர் என்றால் இறுகி வழுக்கும். கத்தித் தலையில் சுருள் வடிவில் சிறு கார்பைடு (மிகக் கடினமான பொருள்) சில்லுகள் உள்ளனவா என்பது விலையில் பெரிய வித்தியாசம், ஏனென்றால் அந்தத் தலையைத் தனியாக வாங்கினால் பழைய மெஷினின் விலையையே தொடும். அந்தச் சதுரச் சில்லுகளுக்கு நான்கு விளிம்பு உண்டு, எத்தனை விளிம்பு திருப்பியாயிற்று என்று கேளுங்கள்.

பேண்ட் சா மெஷினில் பிளேடை முழு இழுவிசையில் ஏற்றிப் பார்க்க வேண்டும், தளர்த்தி வைத்து ஓட்டிக் காட்டினால் எதுவும் தெரியாது. இழுவிசை ஸ்பிரிங் அமுங்கிப் போயிருக்கிறதா, மேல் சக்கரம் கையால் சுற்றும்போது தள்ளாடுகிறதா, அவ்வளவுதான். டேபிள் சா மெஷினில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிளேடைப் பிடித்து அப்படியும் இப்படியும் அசைத்துப் பாருங்கள், ஆர்பரில் ஆட்டம் இருக்கக் கூடாது. 45 டிகிரி சாய்த்து நிமிர்த்துங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே மரத்தூள் அடைத்திருக்கும், சுத்தம் செய்தால் சரியாகும். கடைசல் மெஷினில் இரு பக்கத்துக் கூர்முனைகளையும் நெருக்கிக் கொண்டுவந்து நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

பாதுகாப்பு உறை எல்லாம் காணோம். விலையில் கழித்தால் போதுமா?

திரும்ப வாங்கிப் பூட்ட முடியும் என்றால் கழித்தால் போதும். டேபிள் சா மெஷினில் பிளேடுக்குப் பின்னால் ஏறி இறங்கும் பிளவுக்கத்தி, மரம் பிளேடைக் கவ்வித் திரும்ப எகிறாமல் காப்பது. பல பழைய மெஷின்களில் அது வடிவமைப்பிலேயே இல்லை, பிறகு பொருத்தவும் வராது. இரண்டு மெஷின் ஒரே விலை என்றால் பிளவுக்கத்தி உள்ளதை எடுங்கள், கூடுதல் விலை என்றாலும் எடுங்கள்.

மாடல் எண்ணைத் தேடி, உற்பத்தியாளர் அதைத் திரும்ப அழைத்தாரா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் எமர்சன் நிறுவனம் செய்து கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் விற்ற ரேடியல் ஆர்ம் சா மெஷின்கள் (மேலே நீளும் கையில் தொங்கும் பிளேடை இழுத்து அறுப்பவை), 1958 முதல் 1992 வரை விற்றவை, சுமார் 37 லட்சம், 2000-ஆம் ஆண்டில் பாதுகாப்பு உறை போதாது என்று திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வகை இன்னும் சுற்றிவருகிறது. விரல் பட்டதும் நிற்கும் சாஸ்டாப் மாதிரி மெஷின் என்றால், ஒருமுறை செயல்பட்டால் பிரேக் பெட்டி தீர்ந்தது, பிளேடும் பெரும்பாலும் போய்விடும் என்பதால் பெட்டி புதிதா என்று பாருங்கள்.

கூடவே பத்துப் பிளேடு, ஜிக் (மரத்தைச் சரியாகப் பிடித்து வைக்கும் சாதனம்), தூள் உறிஞ்சி எல்லாம் தருகிறார். அதற்குக் கூடுதல் கொடுக்கலாமா?

நீங்கள் எப்படியும் வாங்கப் போகிறவற்றுக்கு மட்டும், அதுவும் அவற்றின் பழைய விலைக்கு. மழுங்கிய பிளேடு சாணை பிடிக்கும் கூலி போகத்தான் மதிப்பு. தூள் உறிஞ்சி நன்றாக ஓடினால் அதற்குத் தாராளமாகக் கொடுங்கள், உங்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

கொண்டுவரும் செலவை யார் கணக்கில் போடுவது?

உங்கள் கணக்கில், ஆனால் இரண்டு தடவை போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பழைய மெஷினோடு ஒப்பிட்டால் கூடுதல் தூரத்துக்கான செலவை மட்டும் கழிக்க வேண்டும். வீட்டு வாசலில் இறக்கித் தரும் புதிய மெஷினோடு ஒப்பிட்டால் முழுச் செலவும் கழியும். கனமான டேபிள் சா மெஷினும் 8 அங்குல ஜாயிண்டரும் 200 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். பேண்ட் சா மெஷின் தலைக்கனம் உள்ளது, நிற்க வைத்து ஏற்றினால் வளைவில் சாயும். எதையும் மேசையைப் பிடித்துத் தூக்காதீர்கள், மட்டம் போய்விடும். கழற்றி ஏற்ற விற்பவர் கைகொடுப்பார் என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, அதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

ஏலத்தில் பாதி விலைக்குப் போகிறதே, அங்கே வாங்கலாமா?

வாங்கலாம், சுத்தியல் விழும் தொகையோடு வாங்குபவர் கட்டணம், வரி, குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் வாடகை எல்லாவற்றையும் கூட்டிவிட்டு. பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் ஓடாத மெஷினுக்குச் சொன்ன விலையை உச்ச வரம்பாகத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. முன்பணம் கேட்கிறார். அனுப்பவா?

வேண்டாம். அந்தப் படத்தையே இணையத்தில் போட்டு, வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள், வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கும். இன்றைய தேதி எழுதிய தாளை மெஷின்மேல் வைத்துப் புதிதாக ஒரு படம் கேளுங்கள், அல்லது வீடியோ அழைப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான விற்பவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். "நான் வெளியூரில் இருக்கிறேன், வண்டிக்காரர் கொண்டுவந்து தருவார், பணத்தை இப்போதே போடுங்கள்" என்றால் அங்கே மெஷினே இல்லை.

எவ்வளவு குறைத்துக் கேட்பது? அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம்.

மேலே போட்ட கணக்கையே அப்படியே சொல்லிவிடுங்கள். "இதே மாதிரி மெஷின் இவ்வளவுக்குப் போகிறது, இதில் பேரிங்கும் பெல்ட்டும் மாற்றணும், அதனால் 46 தரலாம் என்று நினைக்கிறேன்" என்றால் யாரும் கோபப்படுவதில்லை. "கடைசி விலை என்ன?" என்று பார்க்காமலே செய்தி அனுப்புவதுதான் எரிச்சலூட்டும். போனில் ஒரு விலைக்குச் சம்மதித்துவிட்டு, வாசலில் வண்டியோடு நின்றுகொண்டு குறைக்கச் சொல்வதும் தப்பு, அவர் மற்றவர்களை அனுப்பிவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தவர். விளம்பரத்தில் சொல்லாத குறை நேரில் தெரிந்தால் மட்டும் மறுபடி பேசலாம், குறையைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள்.

விற்பவருக்கு மதிப்பே தெரியவில்லை. கணவர் இறந்துவிட்டார், பட்டறையைக் காலி செய்கிறார், பத்துக்குத் தருகிறேன் என்கிறார். சொல்லணுமா?

சொல்லுங்கள். தானே வாங்கி விற்கும் வியாபாரி தவறாக விலை போட்டால் அது அவர் தொழில், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இந்த மெஷினைத் தொட்டே பார்க்காத ஒருவர், "உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்க" என்று உங்களை நம்பிக் கேட்கும்போது நிலைமை வேறு. ஒருமுறை எனக்கே இப்படி நேர்ந்தது. ஒரு பேண்ட் சா மெஷினுக்கு அந்த அம்மா கேட்டது நான் கொடுக்க வந்ததில் கால்பங்கு. நான் கொடுக்க நினைத்ததையே கொடுத்தேன், சுவரில் தொங்கிய மற்றவற்றுக்கும் என்ன கேட்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

காலி செய்ய அவசரம் என்றால் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதில் தப்பில்லை, கனமான மெஷினை அன்றைக்கே கழற்றி, ஏற்றி, இடத்தைப் பெருக்கிக் கொடுப்பதும் அவருக்கு ஓர் உதவிதான். அதற்காக 5 கழித்துக்கொள்ளுங்கள், 40 கழிக்காதீர்கள்.